தகரப் பெட்டியில் தாத்தாவின் பதக்கம்: அல்சூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மர்பி டவுனிலும் இருக்கும் பழைய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு ராணுவப் பதக்கமாவது இருக்கும். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டியிருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் பரணில், துருப்பிடித்த தகரப் பெட்டியில், செல்லாத ரேஷன் அட்டைகளுக்கும் யாருடையது என்றே தெரியாத மூக்குக் கண்ணாடிக்கும் நடுவில் கிடக்கும். வீடு மாற்றும்போதோ வெள்ளையடிக்கும்போதோ வெளியே வரும். அதன்பின் என் வீட்டுக்கு வரும்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. தபால் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தா ராணுவப் பொறியியல் படையில் சேப்பர், அப்பா ஹவில்தார். மங்கிய முத்திரையையும் கோணல் கையெழுத்தையும் படித்துப் பழகிய கண் என்பதால் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு பதக்கத்தைப் படித்துச் சொன்னேன், செய்தி பரவிவிட்டது. ஞாயிறுதோறும் ஒரே பதிலைச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

எங்கள் தாத்தா மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்தாராம். அது சண்டை போடுகிற படையா, பாலம் கட்டுகிற படையா?

இரண்டும்தான். சண்டை நடக்கும் இடத்திலேயே பாலம் கட்டுகிற படை. காலாட்படை ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒருவன் தண்ணீரில் இறங்க வேண்டும். கண்ணிவெடி புதைத்த வயலில் டாங்கி போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒருவன் முழந்தாளிட்டு மண்ணைத் தடவ வேண்டும். அந்த ஒருவன்தான் சேப்பர். படை 1780-ல் சென்னை ராஜதானியில் தொடங்கியது. பின்னாளில் அதன் தலைமையிடம் பெங்களூர் ஆனது. வெள்ளைக்காரர் காலத்தில் "குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்" என்று நீளமான பெயர். இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். அல்சூர்க்காரர்களுக்கு வெறும் எம்.இ.ஜி. ராணுவம் முழுவதும் இந்தப் படைவீரர்களை "தம்பி" என்றுதான் அழைக்கும். பஞ்சாபி அதிகாரி வாயில்கூட அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே வரும்.

பாலம் கட்டுகிறவன்தானே என்று இளக்காரமாகக் கேட்பவர்களிடம் நான் சுபேதார் சுப்ரமணியன் பெயரைச் சொல்வேன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது கூட இருந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அது எழும்பி வெடிப்பதற்குள் சுப்ரமணியன் தன் உடம்பை அதன்மேல் போட்டார். அருகிலிருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த பதக்கங்களில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

காகிதத்தில் "ஜமேதார்" என்று போட்டிருக்கிறது. தாத்தா துப்புரவு வேலையில் இருந்தாரா? வீட்டில் எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

முதலில், துப்புரவு வேலையில் இருந்திருந்தால் அதில் ஒரு மாதிரியாக என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவது, இல்லை. வட இந்திய ஊர்களில் துப்புரவுப் பணியாளரை ஜமேதார் என்று அழைக்கும் பழக்கம் பின்னாளில் வந்தது. ராணுவத்தில் அது ஹவில்தாருக்கு மேலே உள்ள பதவி. 1965-ல் அதை நாயிப் சுபேதார் என்று மாற்றினார்கள்.

வரிசை இதுதான்: சேப்பர் (காலாட்படையில் இது சிப்பாய்), லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். கிராமத்திலிருந்து கைநாட்டோடு போன ஒருவர் ஜமேதாராகத் திரும்பினார் என்றால் நடுவில் ரோமன் உருதுவில் தேர்வு எழுதியிருப்பார். ஆங்கில எழுத்தில் எழுதிய உருதுதான் அன்றைய இந்திய ராணுவத்தின் பொதுமொழி. பெட்டியில் அந்தச் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதக்கம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, காகிதம் ஒன்றும் இல்லை. ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். ராஜா தலையும் சிங்கமும் ஒரே வகைப் பதக்கங்களில் எல்லாம் ஒன்றுதான். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை மிகச் சிறிய எழுத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கம். சாய்ந்த வெயிலில் மெதுவாகத் திருப்பினால் கைபேசிக் கேமராவிலேயே தெரியும். பெயரைவிட எண்தான் முக்கியம். வட ஆற்காடு மாவட்டத்தில் மட்டும் முனுசாமி எத்தனை பேர் என்று நினைத்துப்பாருங்கள், எண் ஒருவருக்குத்தான்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பல், பற்பொடி, பித்தளை மினுக்கும் மருந்து எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்கும் செய்து, அறுபது தீபாவளிக்கு அறுபது முறை தேய்த்து, தாத்தா பெயரைத் தாங்களே அழித்துவிட்ட குடும்பங்கள் இரண்டை நான் பார்த்திருக்கிறேன். மெத்தென்ற பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் நைந்தபடியே இருக்கட்டும்.

விளிம்பில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் போலியா?

அவசியமில்லை. இரண்டாம் உலகப்போர் பதக்கங்களைப் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்கு இந்திய அரசு பொறித்துக் கொடுத்தது. ஆகவே அந்தப் போரின் பதக்கம் பெயரில்லாமல் இருந்தால், அசல் தொலைந்து கடையில் வாங்கிய மாற்றாக இருக்கலாம், வேறொருவரிடமிருந்து வந்ததாக இருக்கலாம், அல்லது முன் பதிலில் சொன்ன புளியின் வேலையாக இருக்கலாம். அணிவகுப்புக்கு அணிய மாற்றுப் பதக்கம் வாங்குவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். அதனால் தாத்தா போலியாகிவிட மாட்டார்.

"1939–1945" என்று இருக்கிறதே, அப்படியானால் ஆறு வருடமும் போர்முனையில் இருந்தாரா?

இல்லை. அது போரின் காலம், உங்கள் தாத்தாவின் காலம் அல்ல. இரட்டைத்தலை டிராகனைச் சிங்கம் மிதித்து நிற்கும் "வார் மெடல்" கிடைக்க 28 நாள் பணி போதும். பின்பக்கம் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். இந்திய மண்ணில் மூன்றாண்டு பணி செய்தவர்களுக்கு உரியது. இடத்தைச் சொல்வது நட்சத்திரங்கள்தான். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையில் வட அல்லது கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் போயிருக்கிறார். இத்தாலி ஸ்டார், பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் ஆகியவற்றின் பெயரே சொல்லிவிடும்.

இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பர்மா ஸ்டார் இருப்பதால் பர்மாவுக்குள் கால் வைத்தார் என்று ஆகாது. 1942 மே முதல் 1943 முடிய வங்காளத்திலும் அசாமிலும் குறிப்பிட்ட பணியில் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. சாலை போட்டவர்கள், ரயிலில் சாமான் ஏற்றியவர்கள், மலேரியாவில் கிடந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இதைச் சொன்னதும் ஒருவர் என் காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தாத்தா பர்மாவில் ஜெர்மன்காரர்களோடு சண்டை போட்டதாகப் பாட்டி சொல்வார். இணையத்தில் பார்த்தால் அங்கே ஜப்பான்காரர்கள்தான். பாட்டி கதை விட்டாரா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். பாட்டி கதை விடவில்லை, இரண்டு கதைகளை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறார். இந்தியாவின் ஐந்தாம் டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1940, 41-ல் சூடான் எல்லையிலும் எரித்திரியாவிலும் இத்தாலியர்களோடு போரிட்டது. பிறகு எகிப்து, லிபியா பாலைவனத்தில் ஜெர்மானியர்களோடு. அதன்பின் அதே டிவிஷன் பர்மாவின் அரக்கானுக்கு அனுப்பப்பட்டது. 1944 மார்ச்சில் ஜப்பானியர்கள் இம்பாலை நெருங்கியபோது அதை விமானத்தில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். ஒரே மனிதர் நான்கு ஆண்டில் மூன்று நாட்டு ராணுவங்களை எதிர்கொண்டிருக்கிறார். விடுப்பில் வந்தபோது பத்து நாளில் பாதியை மனைவியிடம் சொல்லியிருப்பார். அதுவும் சமையல்கட்டு வாசலில் நின்று.

ஆகவே வீட்டுக் கதையில் நாடும் எதிரியும் பொருந்தவில்லை என்றால் கதையைத் தூக்கி எறியாதீர்கள். ரிப்பனைப் பாருங்கள். ஆப்பிரிக்கா ஸ்டாரும் பர்மா ஸ்டாரும் சேர்ந்து இருந்தால் பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் மட்டும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படுங்கள். அவ்விரண்டில் ஒன்றைத்தான் ஒருவருக்குக் கொடுப்பார்கள், மற்றது ரிப்பன்மேல் ஒரு சிறு பட்டையாக வரும்.

என் அனுபவத்தில் நாடு, ஆண்டு, எதிரி ஆகிய மூன்றும் வீட்டு நினைவில் பிசகும். பிசகாதவை அற்பமானவை: மணல் கலந்த ரொட்டி, ஒட்டகம் கடித்தது, இத்தாலியில் ஒரு கிழவி கொடுத்த திராட்சை. இப்படிப்பட்டதை யாரும் கற்பனை செய்து சொல்ல மாட்டார்கள்.

இதில் வெள்ளி இருக்கிறதா? விற்றால் என்ன கிடைக்கும்?

1914–1918 "பிரிட்டிஷ் வார் மெடல்" வெள்ளி. குதிரைமேல் ஒரு ஆள் இருப்பார். சிறகு விரித்த தேவதை உள்ள விக்டரி மெடல் வெண்கலம். இரண்டாம் போரின் வார் மெடல் வெள்ளிபோல் இருக்கும், ஆனால் செம்பும் நிக்கலும் கலந்தது. நட்சத்திரங்களும் வெள்ளி அல்ல. வெள்ளிப் பதக்கத்தை உருக்கினால் கிடைப்பது ஒரு அவுன்ஸ் சுமாரான வெள்ளியின் விலை. சேகரிப்பவர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு இதில் நியாயம் பேசத் தகுதியில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வெள்ளிப் பதக்கத்தைப் பாட்டி ஒரு நகைக்கடையில் கொடுத்து அத்தை கல்யாணத்துக்கு மெட்டி செய்துவிட்டார். அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை முணுமுணுத்தார். அத்தை கடைசிவரை அந்த மெட்டியைக் கழற்றவில்லை. விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் விளிம்பைப் படமெடுத்து வையுங்கள்.

எண் கிடைத்துவிட்டது. இனி யாருக்கு எழுதுவது? லண்டனுக்கா, டெல்லிக்கா?

பலரும் லண்டனில் எல்லாம் இருக்கும் என்று நம்புகிறார்கள். அங்கே இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணங்களில் அதிகாரிகளைப் பற்றி நிறைய உண்டு. சாதாரண சிப்பாயின் பணிப்பதிவு அந்தந்தப் படையின் பதிவு அலுவலகத்தில்தான் இருந்தது. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரிலேயே. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். ராணுவச் சரக்குப் படை, பயனீர் படை ஆகியவற்றின் மையங்களும் பெங்களூர்தான். சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா, ஏறத்தாழ சேர்ந்த ஆண்டு, நீங்கள் அவருக்கு என்ன உறவு, அதற்கான சான்று ஆகியவற்றைக் கொடுங்கள். ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துமுறையிலும் எழுதுங்கள்: செங்கல்பட்டு "சிங்கிள்புட்" ஆக இருக்கும், தஞ்சாவூர் "டாஞ்சூர்", திருச்சி "ட்ரிச்சினோபொலி". பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தபால்காரனாகச் சொல்கிறேன். பதில் வர மாதங்கள் ஆகும். வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம்: சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், தொழில், நடத்தை. "வாழ்க்கை வரலாறு வரும் என்று நினைத்தேன்" என்று வருத்தப்படுகிறார்கள். தொழில் என்ற கட்டத்தைப் படியுங்கள். தச்சர், கொல்லர், கொத்தனார் என்று ஒரு சொல் இருக்கும். அதை வைத்து அவர் போரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாதி ஊகிக்கலாம்.

கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் இறந்தார். டெல்லி இந்தியா கேட்டில் தேடினோம், பெயர் இல்லை. உண்மையில் இறந்தாரா?

முதல் உலகப்போரில் இறந்த இந்தியர் சுமார் 74,000 பேர். 1931-ல் திறந்த இந்தியா கேட்டில் இருக்கும் பெயர்கள் 13,000-க்குச் சற்று அதிகம். அதிலும் 1919 ஆப்கன் போர், எல்லைப்புறச் சண்டைகளில் இறந்தவர்கள் கணிசம். இல்லாமல் இருப்பதுதான் அதிகம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். இறந்தவர்களுக்கு மட்டுமான பட்டியல் அது. திரும்பி வந்தவரை அதில் தேடிப் பயனில்லை. 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் பணியில் இறந்தவர்கள் வருவார்கள். ஆகவே போர் முடிந்து ஓராண்டு கழித்து மருத்துவமனையில் காய்ச்சலில் போனவரும் இருக்கக்கூடும். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பத்து விதமாக மாற்றிப் பாருங்கள். இந்தியாவில் புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடப்பவர்களுக்காகச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் ஒரு முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் உண்டு.

அதிலும் இல்லை என்றால் குற்றம் உங்கள் தேடலில் இல்லாமல் இருக்கலாம். இராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் வெள்ளையர்களுக்குப் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. "இத்தனை பேர்" என்று முடித்துவிட்டார்கள். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரவில்லை என்று அந்த ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை, உண்மையில் அது 3,50,000 வரை இருக்கலாம் என்பது அறிக்கையின் கணக்கு. கொள்ளுத்தாத்தா மெசப்பட்டோமியாவில் (இன்றைய இராக்) இறந்தார் என்று வீட்டுக் கதை சொன்னால் கல்லைவிடக் கதையை நம்புவேன்.

1971-ல் இறந்த பெரியப்பாவின் பெயரும் இந்தியா கேட்டில் இருக்குமா?

இருக்காது. அது வெள்ளைக்காரர் காலத்துச் சின்னம். அதை ஒட்டி 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பாருங்கள். விடுதலைக்குப் பிறகு போரிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் இறந்த 25,000-க்கும் அதிகமானவர்களின் பெயர் அங்கே உண்டு. டெல்லி போக முடியாதவர்களுக்குப் பெங்களூரிலேயே, நேரு கோளரங்கத்துக்கு எதிரில் உள்ள இந்திரா காந்தி இசை நீரூற்றுப் பூங்காவில் தேசிய ராணுவ நினைவிடம் இருக்கிறது.

தாத்தா மலாயாவில் ஜப்பான்காரனிடம் மாட்டி ரயில் பாதை போட்டு இறந்தாராம். ராணுவத்தில்தான் இருந்திருப்பார், இல்லையா?

பெரும்பாலும் இல்லை. இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமான வேலை. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நியூ கினி வரை கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை வேறு கதை. சுமார் 415 கிலோமீட்டர்; 1943 அக்டோபரில் இணைந்தது. அதில் உழைத்துச் செத்த தமிழர்களில் பெரும்பான்மையோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியோ பிடித்தோ கொண்டுபோகப்பட்ட தொழிலாளிகள். படை எண் கிடையாது, பதக்கம் கிடையாது, பத்தாயிரக்கணக்கில் இறந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. மேலே சொன்ன காமன்வெல்த் பட்டியலிலும் அவர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ராணுவத்தினர் அல்லர்.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் படை?" என்பதல்ல, "எந்தத் தோட்டம்?" என்பது. 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே அசாமுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறேன். போரை அனுபவித்தவர்கள் எல்லோரும் காக்கி போட்டிருக்கவில்லை.

தாத்தா முதலில் பிரிட்டிஷ் படையில், பிறகு ஐ.என்.ஏ.யில். இரண்டு பக்கமும் இருந்தவருக்குப் பதக்கம் உண்டா, தியாகி பென்ஷன் உண்டா?

சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள் இந்தியக் கைதிகளை ஃபாரர் பூங்காவில் கூட்டி ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் மறுத்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி பொறுப்பேற்ற பிறகு மலாயாத் தமிழர்கள், தோட்டத் தொழிலாளிகள், கடைச் சிப்பந்திகள் என்று பொதுமக்களும் பெருவாரியாகச் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் திரும்பியவர்களை விசாரித்து, ஐ.என்.ஏ.வில் எவ்வளவு ஈடுபாடு என்பதைப் பொறுத்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கருப்பில் விழுந்தவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். சம்பள பாக்கியும் போனது. ஆகவே பெட்டியில் பதக்கம் இல்லாமல் இருப்பதே ஒரு தடயம்.

1972-ல் மத்திய அரசு தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் ஐ.என்.ஏ.வினருக்கும் பொருந்தியது. தடுப்புக்காவலில் இருந்ததற்கான சான்று கேட்பார்கள். ஓய்வூதியம் அவருக்கும், அவருக்குப் பின் மனைவி போன்ற தகுதியுள்ள சார்ந்தோருக்கும்தான், பேரனுக்கு வராது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் உள்ளன, அதன் இணையதளத்தில் தேடலாம். "அப்படியானால் எந்தப் பக்கம் சரி?" என்று அடுத்துக் கேட்பார்கள். இருபத்திரண்டு வயதில், தோற்றுப்போன ஊரில், அரைவயிற்றோடு நின்றவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. என்னிடம் கேட்காதீர்கள்.

இரண்டாம் உலகப்போரில் இருந்த தாத்தாவுக்கு ஏன் பென்ஷனே வரவில்லை?

சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 ஆண்டு பணி வேண்டும். போருக்காகச் சேர்த்தவர்களை 1946, 47-ல் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி ஓய்வூதியமில்லாமல் போன முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாநில அரசுகள் உதவித்தொகை தருகின்றன. பாட்டி உயிரோடு இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, விடுவிப்புச் சான்றிதழோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

பெட்டியில் தோட்டா மாதிரி ஒன்று இருக்கிறது. கொண்டுவரட்டுமா?

வேண்டாம். தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், என் வீட்டுக்குக் கட்டாயம் கொண்டுவராதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்குக் காட்ட பெங்களூரில் வேறு என்ன இருக்கிறது?

பிரிகேட் சாலையில் ரெசிடென்சி சாலைப் பக்கம் ஒரு கல்தூண் நிற்கிறது. தினமும் ஆயிரம் பேர் அதன் நிழலில் நின்று கைபேசி பார்க்கிறார்கள். முதல் உலகப்போரில் இறந்த மதராஸ் பயனீர் படையினர் உள்ளிட்டோருக்கான நினைவுச்சின்னம் அது. அந்தப் பயனீர் படையை 1930-களின் தொடக்கத்தில் கலைத்தும்விட்டார்கள்; தூண் மட்டும் மிச்சம்.

"பெங்களூர் டார்பிடோ" பற்றியும் சொல்லுங்கள். பெயரைக் கேட்டால் கப்பலை மூழ்கடிப்பது என்று நினைப்பார்கள். அது ஒரு குழாய். 1912-ல் இங்கே மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைத்தால் வழி கிடைக்கும். 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் அதே குழாயைத்தான் பயன்படுத்தினார்கள்.

அப்பா அமைதிப்படையில் இலங்கை போனவர். முப்பது வருடமாக வாய் திறக்கவில்லை. எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்க முடியாது. பேசினால் கேட்கலாம். கேட்பதற்கு முன் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1987 ஜூலை 29-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம், அடுத்த நாளிலிருந்து படை இறங்கியது, அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை, 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். தமிழ்ப் பொதுமக்களும் இறந்தார்கள். மற்ற மாநிலத்து வீரனுக்குத் தெரியாத ஒன்று தமிழ் வீரனுக்குத் தெரிந்திருந்தது: வீட்டுக்குள்ளிருந்து வந்த கூக்குரலில் ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது. உங்கள் அப்பா போனபோது சென்னையில் மாலை போட்டு அனுப்பவில்லை. திரும்பியபோது வரவேற்கத் தமிழக முதல்வர் போகவில்லை.

"எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதன்பின் எந்தத் தகப்பன் பேசுவான்? சோற்றிலிருந்து தொடங்குங்கள். அங்கே என்ன சாப்பாடு, தண்ணீர் எப்படி, பூட்ஸ் ஈரமானால் என்ன செய்வீர்கள், பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார், அவர் ஊர் எது. ஒலிப்பதிவு செய்வதானால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் மருமகனையும் பேரனையும் கூட்டமாக உட்கார வைக்காதீர்கள். பேச்சு நின்றுவிட்டால் நீங்கள் அதை நிரப்பாதீர்கள். அவர் தூக்கத்தில் கத்துகிறார், குடிக்கிறார் என்றால் அது நேர்காணலுக்கான விஷயமல்ல, மருத்துவருக்கானது. முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் மனநல சிகிச்சைக்கும் வழி உண்டு.

என் அப்பா 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் ஷகர்கட் பகுதியில் கண்ணிவெடி எடுத்தவர். நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் சேர்த்து அவர் கொடுத்த பதில் ஒன்றே ஒன்று: "குளிரில் விரல் மரத்துவிடும். மரத்த விரலால் அந்த வேலையைச் செய்யக்கூடாது. அதனால் கையை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்." போர் என்றால் எனக்கு அந்தக் காத்திருப்புதான் நினைவுக்கு வரும்.

பள்ளியில் "எங்கள் வீட்டு வீரர்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வெண்கலத்தில் ஒரு பதக்கம்தான் இருக்கிறது. அவர் கோவேறு கழுதை ஓட்டினாராம், சண்டையே போடவில்லை. என்ன எழுதுவது?

இதை ஒரு ஏழாம் வகுப்புச் சிறுமி கேட்டாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. நகைக்கடைக் கேள்வியில் சொன்ன பிரிட்டிஷ் வார் மெடல் நினைவிருக்கிறதா? போராளிகளுக்கு வெள்ளியில் கொடுத்ததையே சுமைதூக்கிகளுக்கும் தொழிலாளர் படையினருக்கும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதனால் உங்களிடம் இருப்பது அரிதானது. கழுதைக்காரர் இல்லாமல் குண்டும் போகாது, தண்ணீரும் போகாது, ரொட்டியும் போகாது. போகும் வழியில் எதிரியின் பீரங்கி அவரை மட்டும் விட்டுவைக்கவில்லை.

விளிம்பை நானும் அவளும் சன்னல் வெளிச்சத்தில் படித்தோம். எண், பெயர். பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் தேய்ந்திருந்தன. "அந்த மூன்று எழுத்தை நானே போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். கூடாது, புள்ளி வை என்றேன். கட்டுரையில் மூன்று புள்ளி வைத்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு "பெயரை முழுமையாக எழுதுக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சென்ற வாரம் மறுபடி வந்திருந்தாள். படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதிவுத் தபாலில். ரசீது அவளிடம் இருக்கிறது.